ஃபேக்ஸ் மெஷினுக்குப் பக்கத்தில் யார் இருக்கிறார்கள்?

ஓர் அலுவலகத்துக்குப் புதிதாக ஃபேக்ஸ் மெஷின் வாங்கினால், அட்டைப்பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் ஒற்றைத் தாளைப் பார்த்தே மாட்டிவிடலாம். கரண்ட் ஒயர், டெலிபோன் ஒயர், டோனர், தாள். பத்து நிமிட வேலை. அந்தப் பத்து நிமிடத்தோடு வேலை முடிந்தது என்று எல்லோரும் எழுந்து போய்விடுவதில்தான் கோளாறு ஆரம்பிக்கிறது என்பது என் கட்சி. லெட்டர்பேடில் ‘தொலைநகல்’ என்று போட்டு ஓர் எண்ணை அச்சடிக்கிறோமே, அதற்கு என்ன பொருள்? வெளியார் ஒருவர் அந்த எண்ணுக்கு ஒரு கடிதத்தை அனுப்பினால், அனுப்பிய அந்த நிமிடமே அது நம் கைக்கு வந்துவிட்டதாக ஒப்புக்கொள்கிறோம் என்று பொருள். தபாலில் இந்தப் பொறுப்பைத் தபால்காரர் பாதி சுமக்கிறார். ஃபேக்ஸில் முழுச் சுமையும் நம் மேஜைமேல் இருக்கிறது. ஆகவே மெஷினை நிறுவுகிற வேலையை, வந்து விழும் தாளின் பக்கமிருந்து தொடங்க வேண்டும். அது எத்தனை மணிக்கு வந்தது, முழுசாக வந்ததா, யார் எடுத்தார்கள், எடுத்ததை எங்கே கொண்டுபோனார்கள்? எந்த லைன், என்ன வேகம், எந்த மூலையில் மெஷின் என்பதற்கெல்லாம் விடை இந்தக் கேள்விகளுக்குள்ளேயே இருக்கிறது.

மிகைப்படுத்துகிறேன் என்று தோன்றினால், 1999இல் நம் உச்ச நீதிமன்றம் சொன்ன ஒரு தீர்ப்பைப் பாருங்கள். பெங்களூரின் எக்ஸிம் எய்ட்ஸ் சில்க் எக்ஸ்போர்ட்டர்ஸ் என்ற பட்டு ஏற்றுமதி நிறுவனத்துக்கும் எஸ்.ஐ.எல். இம்போர்ட், யு.எஸ்.ஏ. என்ற நிறுவனத்துக்கும் நடந்த செக் வழக்கு அது. செக் திரும்பி வந்தால், கொடுத்தவருக்கு எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் அவர் பணம் கட்டவில்லை என்றால், அதிலிருந்து ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் புகார் கொடுக்க வேண்டும். பெங்களூர் நிறுவனம் 1996 ஜூன் 11 அன்று நோட்டீஸை ஃபேக்ஸில் அனுப்பியது. மறுநாள் அதையே பதிவுத் தபாலிலும் அனுப்பியது. தபால் போய்ச் சேர்ந்தது ஜூன் 25. புகார் தாக்கலானது ஆகஸ்ட் 8. தபால் சேர்ந்த நாளிலிருந்து எண்ணினால் புகார் கெடுவுக்குள் வருகிறது, ஃபேக்ஸ் போன நாளிலிருந்து எண்ணினால் கெடு தாண்டிவிடுகிறது. ஃபேக்ஸில் போனதும் எழுத்து மூலமான நோட்டீஸ்தான், அது கிடைத்த அன்றே கணக்கு தொடங்கிவிட்டது என்றது நீதிமன்றம். புகார் நிற்கவில்லை. இதில் தோற்றவர் ஃபேக்ஸை அனுப்பியவர் என்பதைக் கவனியுங்கள். கூடுதல் பாதுகாப்புக்கு என்று அனுப்பிய தாளே அவருடைய கெடுவை முன்னால் இழுத்துவிட்டது. அனுப்பினாலும் சரி, வாங்கினாலும் சரி, ஃபேக்ஸ் மெஷின் இருக்கிற அலுவலகத்தில் சட்டத்தின் கடிகாரம் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது.

கடிகாரம் என்ற பேச்சு வந்ததால் ஒரு சின்ன விலகல். ஃபேக்ஸின் ஆதிமூலமான கருவிக்கு 1843இல் காப்புரிமை வாங்கிய அலெக்ஸாண்டர் பெய்ன் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த கடிகாரத் தொழிலாளி. தந்திக் கம்பியின் இரு முனையிலும் இரண்டு ஊசல்கள் இம்மியும் பிசகாமல் சேர்ந்து ஆடினால், ஒரு முனையில் தடவிப் படிக்கிற உருவத்தை மறுமுனையில் கோடு கோடாக வரைந்துவிடலாம் என்பது அவருடைய யோசனை. இன்றைய மெஷினும் அதே காரியத்தைத்தான் செய்கிறது. ஒரு ஏ4 தாளின் அகலத்தை 1,728 புள்ளிகளாக நறுக்கி, ஒவ்வொரு வரியாக, டெலிபோன் ஒலியாக மாற்றி அனுப்புகிறது. 1865இல் ஜியோவானி கசெல்லியின் பான்டெலிகிராஃப் பாரிஸுக்கும் லியோனுக்கும் இடையே பொதுச் சேவைக்கு வந்தபோது, வங்கிக் காரியங்களில் கையெழுத்தைச் சரிபார்க்க அது பயன்பட்டது. யார் கையெழுத்து, எந்த நேரத்தில் என்ற இரண்டு கேள்விகளும் இந்தக் கருவியோடு பிறந்தவை. இன்றும் ஃபேக்ஸ் பிடிவாதமாக உயிர்வாழும் இடங்களைப் பாருங்கள்: மருத்துவமனை, வக்கீல் ஆபீஸ், வங்கி, அரசுக் கச்சேரி. எல்லாமே கையெழுத்தும் நேரமும் முக்கியமான இடங்கள்.

அதனால் ஒயர் மாட்டியதும் முதலில் செய்ய வேண்டியது, தேதியையும் மணியையும் சரியாக வைப்பது. இதைப் பலர் கடைசிக்குத் தள்ளுகிறார்கள், அல்லது விட்டேவிடுகிறார்கள். அனுப்பும் ஒவ்வொரு பக்கத்தின் உச்சியிலும் பொடி எழுத்தில் ஒரு வரி அச்சாகிப் போகும். அதில் தேதி, நேரம், அனுப்பியவர் பெயர், எண், பக்க எண் இருக்கும். பின்னால் ஒரு தகராறு என்று வந்தால் முதலில் படிக்கப்படுவது இந்த வரிதான். பல மாடல்களில் மின்சாரம் நெடுநேரம் இல்லாமல் போனால் கடிகாரம் பழைய ஏதோ ஒரு தேதிக்குத் திரும்பிவிடும். மின்வெட்டு உள்ள ஊரில் இது சாதாரணம். தேதி எழுதும் முறையையும் பார்க்க வேண்டும். அமெரிக்க வழக்கப்படி மாதத்தை முன்னால் போடும் மெஷினில் ஏப்ரல் 3 என்பது நம் கண்ணுக்கு மார்ச் 4 ஆகத் தெரியும். அமெரிக்காவில் 1991ஆம் ஆண்டுச் சட்டமே அனுப்பியவரின் அடையாளமும் எண்ணும் தேதியும் நேரமும் ஃபேக்ஸ் தாளில் இருக்க வேண்டும் என்கிறது. கட்டாயம் இல்லாத ஊரிலும் அந்த வரியை நிரப்பி வைப்பதுதான் மரியாதை. பெயரில்லாமல், தப்பான தேதியோடு வரும் தாள் மொட்டைக் கடுதாசிக்குச் சமம்.

அடுத்தது, அனுப்பிய பிறகு மெஷின் அச்சிட்டுத் தரும் ரிப்போர்ட். அதில் ‘ஓகே’ என்று வந்துவிட்டால் கடிதம் போய்ச் சேர்ந்தது என்று நிம்மதியாகக் கோப்பில் வைத்துக்கொள்கிறோம். அந்த ஓகே எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று தெரிந்துகொள்ளாமல் மெஷினை நிறுவ முடியாது. இரண்டு மெஷின்களும் பேசிக்கொள்ளும் முறைக்கு டி.30 என்று பெயர். ஒரு பக்கம் அனுப்பி முடித்ததும் இந்த முனை ‘கிடைத்ததா?’ என்று கேட்கும், அந்த முனை ‘கிடைத்தது’ என்று ஒரு குறியீடு அனுப்பும். அவ்வளவுதான். அந்த முனையில் தாள் தீர்ந்திருக்கலாம், பக்கம் மெமரியிலேயே உட்கார்ந்திருக்கலாம். அப்போதும் ‘கிடைத்தது’ என்றுதான் பதில் வரும். பிறகு அங்கே மின்சாரம் போனால், சில மாடல்களில் மெமரியில் இருந்த பக்கங்கள் அழிந்தே போகும். தாள் தட்டில் விழுந்த பிறகும் ஒருவர் வந்து எடுக்கும்வரை அது கடிதம் ஆவதில்லை. ஆனால் அனுப்பியவர் கையில் ஓகே இருக்கிறது. வாங்குகிற அலுவலகத்தின் தரப்பிலிருந்து பார்த்தால் இது பயப்பட வேண்டிய விஷயம்: நாம் பார்க்கவே பார்க்காத ஒரு கடிதத்துக்கு, நாமே கொடுத்த ரசீது வெளியே உலவுகிறது.

ஆள் இல்லாத ஃபேக்ஸ் எவ்வளவு பெரிய விவகாரம் ஆகலாம் என்பதை 2018 நவம்பர் 21 அன்று நாடே பார்த்தது. ஜம்மு காஷ்மீரில் ஆட்சியமைக்க உரிமை கோரி முன்னாள் முதல்வர் மெஹ்பூபா முஃப்தி எழுதிய கடிதத்தை ஆளுநர் மாளிகைக்கு ஃபேக்ஸ் செய்ய முயன்றார்கள், போய்ச் சேரவில்லை. ஃபேக்ஸ் வாங்கப்படவில்லை என்று சொல்லி அவர் கடிதத்தை ட்விட்டரில் வெளியிட்டார். அன்றிரவே ஆளுநர் சத்யபால் மாலிக் சட்டப்பேரவையைக் கலைத்தார். அன்று மீலாது நபி விடுமுறை, ஃபேக்ஸ் மெஷினைப் பார்க்க ஆள் இல்லை என்பது மறுநாள் ஆளுநர் தந்த விளக்கம். ஃபேக்ஸ் வந்திருந்தாலும் தன் முடிவு அதுவாகவே இருந்திருக்கும் என்றும் அவர் சொன்னார். அரசியலில் யார் பக்கம் நியாயம் என்பதற்குள் நான் போகவில்லை. ஓர் அரசியல் சாசனப் பதவியின் அலுவலகத்துக்கே, ‘விடுமுறை நாளில் ஃபேக்ஸை யார் பார்ப்பார்கள்?’ என்ற சாதாரணக் கேள்விக்குப் பதில் இல்லை என்பது ஊரறியத் தெரிந்தது. அந்தக் கேள்வியை மெஷின் வந்து இறங்கிய அன்றே கேட்டிருக்க வேண்டும். கேட்கப்படாத இடங்களில் பின்னால் வரும் எந்த விளக்கமும் சாக்குப்போக்காகவே ஒலிக்கும்.

அப்படியானால் மெஷினை எங்கே வைப்பது? பிரின்டர் பக்கத்தில், ஜெராக்ஸ் மெஷின் பக்கத்தில், அல்லது வெறுமனே பிளக் பாயின்ட் இருக்கிற மூலையில் என்பதுதான் வழக்கம். தபால் வாங்குகிறவர் மேஜைப் பக்கத்தில் வைக்க வேண்டும் என்பேன். நம் அலுவலகங்களில் தபால் பிரிவுக்கு ஏற்கெனவே ஓர் ஒழுங்கு உண்டு. வந்த கடிதத்தில் தேதி முத்திரை குத்துவார்கள், இன்வர்டு ரிஜிஸ்டரில் எண் போடுவார்கள், யாருக்குப் போயிற்று என்று கையெழுத்து வாங்குவார்கள். ஃபேக்ஸ் மெஷின் இந்த ஒழுங்குக்குள் நுழைந்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. வந்த தாளில் மெஷின் போட்ட நேரம் இருந்தாலும், எடுத்த ஆள் எடுத்த நேரத்தைப் பேனாவில் எழுதிச் சுருக்கொப்பம் போட வேண்டும். இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் அந்த அலுவலகம் ஃபேக்ஸை எவ்வளவு மதிக்கிறது என்பதன் அளவு. அந்த ஆள் லீவில் போனால் யார் என்பதை ஆபீஸ் ஆர்டரிலேயே எழுதி வையுங்கள். வரும் ஃபேக்ஸைத் தானாகவே ஒரு ஈமெயிலுக்கும் அனுப்பி வைக்கும் வசதி பல மெஷின்களில் உண்டு. ஞாயிற்றுக்கிழமைக்கு அது நல்ல காவல். ஆனால் அந்த ஈமெயிலைத் திறப்பவர் யார் என்று மறுபடியும் அதே கேள்விக்குத்தான் வருவோம்.

இப்போது ஒயருக்கு வருகிறேன். ஃபேக்ஸ் மெஷினைப் பார்த்தால் பிரின்டர் போலத் தெரிகிறது. வேலையில் அது ஒரு டெலிபோன். அதன் நல்லதும் கெட்டதும் லைனில் இருக்கிறது. பின்பக்கம் இரண்டு துளைகள் இருக்கும், ஒன்று ‘லைன்’, மற்றது ‘எக்ஸ்ட்’. சுவரிலிருந்து வரும் ஒயர் லைனில்தான் போக வேண்டும். மாற்றிச் செருகிவிட்டு மெஷினைக் குறை சொல்வது அடிக்கடி நடக்கிற தவறு. முடிந்தால் ஃபேக்ஸுக்கென்று தனி லைன் வேண்டும். பேச்சுக்கும் ஃபேக்ஸுக்கும் ஒரே லைன் என்றால், யாரோ ரிசீவரை எடுத்து ‘ஹலோ’ என்றதும் பாதியில் இருக்கிற பக்கம் கெடும். ‘கால் வெயிட்டிங்’ வசதி இருந்தால் அதன் பீப் ஒலியும் பக்கத்தைக் கெடுக்கும், அதை நிறுத்தச் சொல்ல வேண்டும். எத்தனை மணி அடித்ததும் மெஷின் எடுக்க வேண்டும் என்பதையும் யோசிக்க வேண்டும். இரண்டு மெஷின்களும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்ள டி.30 கொடுக்கும் அவகாசம் சுமார் 35 நொடி. ஆறேழு மணி அடிக்கட்டும், மனிதர் எடுத்தால் எடுக்கட்டும் என்று விட்டால், எதிர்முனை அலுத்துப்போய் வைத்துவிடக்கூடும். அலுவலகத்துக்குள் இன்டர்காம் எக்ஸ்சேஞ்ச் இருந்தால், வெளி லைனுக்காக 0 அழுத்திக் கொஞ்சம் நிறுத்த வேண்டியிருக்கும். சேமித்து வைக்கும் எண்ணில் அந்த 0வும் நிறுத்தமும் சேர வேண்டும்.

இன்று பெரும் தலைவலி செப்புக் கம்பி லைன் போய் ஃபைபர் வந்ததில் இருக்கிறது. ஃபைபர் பெட்டியில் டெலிபோன் துளை இருக்கிறது, பேசினால் தெளிவாகக் கேட்கிறது, ஃபேக்ஸ் மட்டும் மூன்றாம் பக்கத்தில் நின்றுபோகிறது. காரணம் எளிது. ஃபைபரில் குரல் சிறு சிறு பொட்டலங்களாக வெட்டப்பட்டுப் போகிறது. ஒன்றிரண்டு பொட்டலம் வழியில் தொலைந்தாலும் மனிதக் காது அதை உணராது. பேச்சில் பாதி எழுத்து விழுங்கப்பட்டாலும் நமக்குப் புரியும். மெஷினுக்கு அந்தச் சலுகை கிடையாது. மேலும் குரலைச் சுருக்கி அனுப்பும் ஜி.729 போன்ற முறைகள் மனிதத் தொண்டையின் இயல்பை மனத்தில் வைத்துச் செய்தவை; ஃபேக்ஸின் இரைச்சல் அதில் சிதைந்துபோகும். அதனால் லைன் கொடுப்பவரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: ஃபேக்ஸுக்கென்றே வகுத்த டி.38 முறை இந்த இணைப்பில் உண்டா? இல்லையென்றால், குரலைச் சுருக்காத ஜி.711 முறையிலாவது இந்த எண் ஓடுமா? இரண்டுக்கும் சரியான பதில் வராத லைனில் எந்த விலைக்கு மெஷின் வாங்கினாலும் பலன் இல்லை. மெஷின் வாங்குவதற்கு முன்னால் லைனை விசாரிக்க வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

அப்படியும் தகராறு செய்தால் இரண்டு யோசனைகள் சொல்வார்கள்: வேகத்தைக் குறையுங்கள், இ.சி.எம். என்ற பிழை திருத்தத்தை நிறுத்துங்கள். முதலாவதை உடனே செய்யலாம். நொடிக்கு 33,600 பிட் வேகத்திலிருந்து 14,400க்கோ 9,600க்கோ இறக்கினால் பக்கத்துக்குச் சில நொடி கூடும், அவ்வளவே. இரண்டாவதில் நான் தயங்குவேன். பிழை திருத்தம் ஓடும்போது, வாங்கும் மெஷின் கெட்டுப்போன துண்டுகளை மட்டும் திரும்பக் கேட்டு வாங்குகிறது. லைன் மோசமாக இருந்தால் கேட்டுக் கேட்டுக் களைத்துப்போய் இணைப்பு அறுந்துவிடும். அதை நிறுத்திவிட்டால் பக்கம் தங்கு தடையில்லாமல் வந்து சேரும், ஆனால் கெட்டுப்போன வரிகள் அப்படியே கெட்டு அச்சாகும் அல்லது காணாமல் போகும். சாதாரணக் கடிதத்தில் ஒரு மெல்லிய கோடு விழுந்தால் பாதகமில்லை. மருந்துச் சீட்டில் 1.5 என்பதன் புள்ளி விழுந்தால்? டெண்டர் விலைப்பட்டியலில் ஒரு வரி சுருங்கி 8 என்பது 3 போலத் தெரிந்தால்? அறுந்துபோன ஃபேக்ஸ் தன் தோல்வியை அறிவித்துவிட்டுப் போகிறது. தவறாக வந்த ஃபேக்ஸ் சரியானது போல வேடம் போடுகிறது. எண்கள் நிறைந்த தாள்கள் வந்துபோகும் அலுவலகத்தில் பிழை திருத்தத்தை நிறுத்தாமல், வேகத்தைக் குறைத்தும் லைனை மாற்றியும்தான் தீர்வு தேட வேண்டும்.

வாங்கும் பக்கத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். அனுப்பும் பக்கத்துக்கும் ஒரு சொல். ஃபேக்ஸில் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். தபாலில் கதவு எண் தப்பினாலும் பெயரைப் பார்த்துத் தபால்காரர் சேர்த்துவிடுவார். ஃபேக்ஸில் ஓர் இலக்கம் தப்பினால் கடிதம் முன்பின் தெரியாத யாருடைய வீட்டிலோ விழுகிறது. 2010இல் பிரிட்டனின் தகவல் ஆணையர், பண அபராதம் விதிக்கும் புது அதிகாரத்தை முதன்முறை பயன்படுத்தியபோது, ஹெர்ட்ஃபோர்ட்ஷர் கவுன்டி கவுன்சிலுக்கு ஒரு லட்சம் பவுண்டு போட்டார். குழந்தைகள் சம்பந்தப்பட்ட மிக ரகசியமான தாள்கள் தவறான எண்களுக்கு ஃபேக்ஸ் ஆகியிருந்தன. 2013இல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்துக்கு 75,000 பவுண்டு. வாடிக்கையாளர்களின் கணக்கு விவரங்கள் திரும்பத் திரும்ப வெளியார் எண்ணுக்குப் போயின. வங்கியின் உள் எண்ணுக்கும் அதற்கும் ஓர் இலக்கம்தான் வித்தியாசம். அடிக்கடி அனுப்பும் எண்களை மெஷினிலேயே பதிந்து, பதிந்தவுடன் ஒரு வெற்றுத் தாளை அனுப்பி, எதிர்முனையில் இருப்பவரிடம் போனில் ‘வந்ததா?’ என்று கேட்டு உறுதிசெய்வது நிறுவும் வேலையின் பகுதி. புது எண்ணாக இருந்தால் இருமுறை அழுத்தச் சொல்லிக் கேட்கும் வசதி பல மெஷின்களில் இருக்கிறது. அதை இயக்கி வையுங்கள்.

‘ஃபேக்ஸ் டெலிபோன் கம்பியில் போகிறது, ஹேக் செய்ய முடியாது, அதனால் பாதுகாப்பானது’ என்பார்கள். 2021இல் ஜப்பானில் அமைச்சர் தாரோ கோனோ அரசு அலுவலகங்களிலிருந்து ஃபேக்ஸை ஒழிக்க முயன்றபோது எழுந்த எதிர்ப்புகளிலும் ரகசியத் தகவலின் பாதுகாப்பு ஒரு முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது. இதில் பாதி உண்மை உண்டு. தனி லைனில், தனி மெஷினில், பூட்டிய அறையில் என்றால் சரி. ஆனால் இன்று கடையில் கிடைப்பது பிரின்ட், ஸ்கேன், ஜெராக்ஸ், ஃபேக்ஸ் எல்லாம் சேர்ந்த ஒரே பெட்டி. அதன் ஒரு கை டெலிபோன் லைனிலும் மறு கை அலுவலக நெட்வொர்க்கிலும் இருக்கிறது. 2018இல் செக் பாயின்ட் நிறுவனத்தின் ஆய்வாளர்கள், ஃபேக்ஸ் எண் ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டு அப்படிப்பட்ட ஓர் எச்.பி. மெஷினுக்கு ஒரு விஷமப் பக்கத்தை அனுப்பி, மெஷினைக் கைப்பற்றி, அங்கிருந்து உள் நெட்வொர்க்குக்குள் நுழைந்து காட்டினார்கள். எச்.பி. உடனே திருத்தம் வெளியிட்டது. மெஷினின் சாஃப்ட்வேரைப் புதுப்பிப்பதும், முடிந்தால் கணக்கு வழக்கு இருக்கும் நெட்வொர்க்கிலிருந்து அதைத் தனியே வைப்பதும் அதனால்தான் முக்கியம். இன்னொரு ஓட்டை யார் கண்ணிலும் படாதது. கார்பன் ஃபிலிம் சுருள் போடும் விலை குறைந்த மாடல்களில், அச்சான ஒவ்வொரு பக்கத்தின் நிழலும் அந்தச் சுருளில் அப்படியே தங்கிவிடும். தீர்ந்த சுருளை விரித்தால் வரிசையாகப் படிக்கலாம். அதைக் குப்பையில் போடுவது கோப்பையே குப்பையில் போடுவதுதான். தெர்மல் தாள் மாடலில் ஆபத்து வேறு மாதிரி: எழுத்து வெளுத்துப்போகும். பாதுகாக்க வேண்டிய தாளென்றால் அன்றே ஜெராக்ஸ் எடுத்து வைக்க வேண்டும். என்னைக் கேட்டால், அலுவலகத்துக்கு லேசர்தான். அதையும் சின்ன யு.பி.எஸ்.ஸில் மாட்டக்கூடாது, தாளைச் சூடாக்கும்போது அது இழுக்கும் மின்சாரத்தை அந்த யு.பி.எஸ். தாங்காது.

‘இவ்வளவு பாடு எதற்கு? ஈமெயில் போதாதா?’ என்பது நியாயமான கேள்வி. பிரிட்டன் அரசு 2018 டிசம்பரில், பொது மருத்துவச் சேவையில் புதிதாக ஃபேக்ஸ் மெஷின் வாங்குவதையே 2019 ஜனவரியிலிருந்து தடை செய்து, 2020 மார்ச் 31க்குள் முற்றிலும் ஒழிக்கச் சொன்னது. அதற்குச் சில மாதம் முன்னால் ராயல் காலேஜ் ஆஃப் சர்ஜன்ஸ் எண்ணிப் பார்த்தபோது, இங்கிலாந்து மருத்துவமனைகளில் 8,946 மெஷின்கள் இருந்தன. அந்த முடிவை நான் எதிர்க்கவில்லை. எதிர்முனையில் இருப்பவர்கள் எல்லோரும் ஈமெயிலை ஏற்றுக்கொள்கிறார்கள் என்றால் ஃபேக்ஸ் வாங்கவே வேண்டாம் என்பதுதான் என் யோசனையும். ஆனால் ஃபேக்ஸ் தேவையா என்பதை முடிவு செய்வது நாம் அல்ல, நமக்குக் கடிதம் அனுப்புகிறவர். அவர் ஃபேக்ஸில்தான் அனுப்புவேன் என்றால் நமக்கு எண் வேண்டும். மெஷினே இல்லாமல் இணையம் வழியாக ஃபேக்ஸ் வாங்கி ஈமெயிலில் தரும் சேவைகளும் இருக்கின்றன. லைன் தொல்லை, டோனர் செலவு இரண்டையும் அவை நீக்கிவிடுகின்றன. நல்ல வழிதான். அங்கும் நம் கடிதங்கள் மூன்றாம் மனிதரின் கணினியில் தங்குகின்றன என்பதையும், யார் திறக்கிறார் என்ற கேள்வி அங்கும் உண்டு என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். உண்மையில், ஃபேக்ஸைப் பற்றி நான் சொன்னதில் பெரும்பகுதி, பொது ஈமெயில் முகவரி வைத்திருக்கும் அலுவலகத்துக்கும் பொருந்தும். அங்கே ‘ஓகே’ ரிப்போர்ட்டாவது கிடையாது.

‘இரண்டு பேர் வேலை செய்யும் ஆபீஸ், தபால் பிரிவுக்கு எங்கே போவது?’ என்பது இன்னொரு மறுப்பு. சிறிய அலுவலகத்துக்கு இந்த ஒழுங்கு இன்னும் சுலபம். மெஷினை யார் முகத்துக்கு நேராக வைப்பது என்று பேசி முடிக்க இரண்டே பேர். சுவரில் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கயிற்றில் தொங்கவிட்டால் அதுவே இன்வர்டு ரிஜிஸ்டர். இரண்டு பேரும் இல்லாத நாட்களில் மெஷினை அணைத்து வைப்பதுகூட நேர்மையான முடிவு. அப்போது எதிர்முனைக்கு ஓகே போகாது, ‘பதில் இல்லை’ என்றுதான் போகும். அவர் வேறு வழி தேடுவார். யாரும் இல்லாத அறையில் ஓகே சொல்லிக்கொண்டிருக்கும் மெஷினைவிட, அணைந்து கிடக்கும் மெஷின் அனுப்புகிறவருக்கு நல்லது.

எல்லாம் மாட்டி முடித்ததும் சோதனைத் தாள் ஒன்று தயார் செய்யுங்கள். அதில் மிகச் சிறிய எழுத்தில் ஒரு பத்தி, பத்து வரி எண்கள், ஒரு கையெழுத்து, ஒரு ரப்பர் ஸ்டாம்ப் முத்திரை இருக்கட்டும். ஒற்றைப் பக்கம் எந்த லைனிலும் போய்விடும், ஆறேழு பக்கமாக அனுப்பினால்தான் லைனின் குணம் தெரியும். நீங்கள் அதிகம் தொடர்பு கொள்ளும் அலுவலகத்துக்கு அனுப்பி, அவர்களிடமிருந்தும் அதே தாள்களைத் திருப்பி வாங்குங்கள். எண்களை ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். உச்சி வரியில் உள்ள மணியைக் கைக்கடிகாரத்தோடு ஒத்துப் பாருங்கள். பிறகு தாள் தட்டைக் காலியாக்கிவிட்டு இன்னொரு முறை அனுப்பச் சொல்லுங்கள். மெஷின் மெமரியில் வாங்கிக்கொண்டு விளக்கை மினுக்கும். அந்த நிலையில் மின்சாரத்தை நிறுத்தி, ஒரு மணி நேரம் கழித்துப் போட்டு, பக்கங்கள் வெளியே வருகின்றனவா என்று பாருங்கள். கடைசியாக ஒரு சோதனை, யாரிடமும் சொல்லாமல்: ஒரு சனிக்கிழமை மாலை, எல்லோரும் கிளம்பிய பிறகு, வெளியிலிருந்து ஒரு தாள் அனுப்பச் சொல்லுங்கள். திங்கட்கிழமை காலை எத்தனை மணிக்கு, யார் கையால் அது ரிஜிஸ்டரில் ஏறுகிறது என்று பாருங்கள்.